புது லினக்ஸ் சர்வர் கைக்கு வந்த முதல் நாள்: என்னென்ன செய்ய வேண்டும்?

புதிதாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அரை நாள் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு அதன் எஸ்எஸ்எச் லாக்கை, அதாவது தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழியின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று விதவிதமான பெயர்களில் யாரோ உள்ளே வரப் பார்த்த வரிகள் பக்கம் பக்கமாக இருக்கும். இணையத்தில் உள்ள ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும் புரோகிராம்களின் வேலை அது. பெரிய கம்பெனியா, பள்ளிக்கூடத்துத் தளமா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. எந்தக் கதவு திறக்கிறதோ அங்கே நுழைந்துவிடும்.

“என் சர்வரில் எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது?” என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. சர்வரே இருக்கிறது. அதன் சிபியூவை வைத்து கிரிப்டோ நாணயம் தோண்டலாம், ஸ்பேம் மெயில் அனுப்பலாம், அடுத்தவர் சர்வரைத் தாக்கலாம். புகார் என்று வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோப்பில் எழுதியிருப்பது வேறு, சர்வரில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. எந்த மாற்றம் செய்தாலும், அது உண்மையிலேயே அமலுக்கு வந்துவிட்டதா என்று சர்வரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை அப்படிக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

எந்தப் பதிப்பு?

உபுண்டு என்றால் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 24.04 அப்படிப்பட்டதுதான். டெபியன் என்றால் ஸ்டேபிள்: 2025 ஆகஸ்டில் வந்த 13, அல்லது அதற்கு முந்தைய 12. இரண்டில் எது பழக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்புது வசதிகளுக்கு ஆசைப்பட்டு இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

2024 மார்ச் கடைசியில் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன்னுடைய டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை நொடி இழுக்கிறது என்று தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. டெபியன் அன்ஸ்டேபிளிலும் டெஸ்டிங்கிலும் அது நுழைந்துவிட்டிருந்தது. ஸ்டேபிளுக்கு வந்து சேரவில்லை.

முதல் அரை மணி நேரம்

உள்ளே நுழைந்ததும் முதலில் ஆப்ட் அப்டேட், பிறகு ஆப்ட் அப்கிரேட். முதல் கட்டளை என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் கொண்டுவருகிறது, நிறுவுவது இரண்டாவது. அப்டேட் மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு திரை வந்து, எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் இப்போது இருப்பதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கலாம். இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டுக்குப் பதிலாக உங்களுக்கென்று ஒரு யூசர். ஆட்யூசர் கட்டளையோடு ஒரு பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்கும். நீளமாக ஒன்றை வையுங்கள். அந்த யூசரை, தேவைப்படும்போது ரூட் அதிகாரத்தில் கட்டளை கொடுக்க உதவும் சூடோ குழுவில் சேர்க்க வேண்டும்: யூசர்மாட், ஹைஃபன், சிறிய ஏ, பெரிய ஜி, பிறகு சூடோ, பிறகு யூசர் பெயர். அந்தச் சிறிய ஏ முக்கியம். ஏற்கெனவே உள்ள யூசர் ஒருவருக்கு அதை விட்டுவிட்டு அடித்தால், அவர் இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் வெளியே வந்துவிடுவார். முடிந்ததும் புது விண்டோவில் அந்த யூசராக நுழைந்து சூடோ ஹூஅமி என்று கேளுங்கள். ரூட் என்று பதில் வந்தால் சரி.

அப்புறம் எஸ்எஸ்எச் கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே விடும் சாவி. இதை உங்கள் சொந்தக் கணினியில் உருவாக்க வேண்டும், சர்வரில் வேண்டாம். எஸ்எஸ்எச்-கீஜென், ஹைஃபன் டி (டைப் என்பதன் முதலெழுத்து), இடைவெளி, ஈடி25519. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களும் பவர்ஷெல்லில் இதையே அடிக்கலாம். பாஸ்ஃபிரேஸ் கேட்கும்போது காலியாக விடாதீர்கள். லேப்டாப் தொலைந்துபோனால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். இரண்டு கோப்புகள் உருவாகும். பப் என்று முடிவது பொதுச்சாவி. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், எத்தனை சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம். மற்றது தனிச்சாவி. அது உங்கள் கணினியை விட்டு எங்கேயும் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் சக ஊழியருக்குக்கூட அனுப்பக் கூடாது. அவருக்கு வேண்டுமென்றால் அவர் ஒன்றை உருவாக்கட்டும், அவருடைய பூட்டையும் சர்வரில் மாட்டலாம்.

பொதுச்சாவியின் ஒற்றை வரியை, சர்வரில் அந்த யூசரின் ஹோம் டைரக்டரிக்குள் இருக்கும் புள்ளி எஸ்எஸ்எச் டைரக்டரியில், ஆத்தரைஸ்டு கீஸ் (நடுவில் அண்டர்ஸ்கோர்) என்ற கோப்பில் ஒட்ட வேண்டும். டைரக்டரிக்கு 700, கோப்புக்கு 600 என்று பெர்மிஷன். இரண்டுக்கும் உரிமையாளர் அந்த யூசராகவே இருக்க வேண்டும். கீ சரியாக இருந்தும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சிக்கல் இந்த இடத்தில்தான்.

பாஸ்வேர்ட் கதவை மூடுதல்

எஸ்எஸ்எச் 1995-இல் ஃபின்லாந்தில் பிறந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் போய்வந்த பாஸ்வேர்ட்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்துத்தான் தாத்து யுலோனென் அதை எழுதினார். வழியில் ஒட்டுக்கேட்பதை அது நிறுத்திவிட்டது. ஆனால் வாசலில் நின்று பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருப்பவரை நாம்தான் நிறுத்த வேண்டும். கீ வேலை செய்கிறது என்று உறுதியானதும் பாஸ்வேர்ட் வழியை அடைத்துவிடுவதுதான் அதற்கு வழி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இடிசி எஸ்எஸ்எச் டைரக்டரியில் உள்ள எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் (நடுவில் அண்டர்ஸ்கோர்) கோப்பைத் திறந்து பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் என்ற வரியில் நோ என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் சொல்லும். நானும் ஒருமுறை அப்படியே செய்துவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் அவசரத்துக்கு நண்பர் ஒருவரின் லேப்டாப்பிலிருந்து நுழைய வேண்டி வந்தது. அதில் என் கீ கிடையாது. மறுத்துவிட வேண்டிய சர்வர், அமைதியாகப் பாஸ்வேர்ட் கேட்டது. அத்தனை மாதமும் கதவு திறந்தே இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். அந்தக் கோப்பின் தலையிலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கிறது. எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் டாட் டி என்ற டைரக்டரியில் உள்ள துண்டுக் கோப்புகளை அது முதலில் படிக்கவைக்கிறது. எஸ்எஸ்எச்சில் ஓர் அமைப்பு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் முதலில் படித்ததுதான் செல்லும். பல கிளவுட் சர்வர்களில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு துண்டுக் கோப்பு உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டுக்கு எஸ் சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே எழுதிய நோ அதன் காதில் விழவே விழாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அதே டைரக்டரியில் 00 என்று தொடங்கி கான்ஃப் என்று முடியும் பெயரில் புதிதாக ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயர் வரிசையில் முன்னால் இருப்பதால் அதுதான் முதலில் படிக்கப்படும். அதில் மூன்று வரிகள்: பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ, கேபிடி இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன் நோ, பெர்மிட் ரூட் லாகின் நோ. ஒவ்வொன்றிலும் நோவுக்கு முன்னால் உள்ளதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். பிறகு சூடோ எஸ்எஸ்எச்டி, ஹைஃபன், சிறிய டி (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து). எழுத்துப் பிழை இருந்தால் அது சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது. சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச் கொடுங்கள். அதற்கப்புறம் சூடோ எஸ்எஸ்எச்டி, ஹைஃபன், அதே எழுத்து, ஆனால் பெரிய டி. எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்தபின் கடைசியில் எது செல்லுபடியாகிறது என்ற பட்டியல் அதில் வரும். பாஸ்வேர்ட் வரியில் நோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அதோடு நிற்காமல், உங்கள் கீ இல்லாத வேறொரு கணினியிலிருந்தும் நுழைந்து பாருங்கள். பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ என்று திருப்பி அனுப்ப வேண்டும். இத்தனையும் முடியும்வரை, ஏற்கெனவே திறந்திருக்கும் பழைய விண்டோவை மூடாதீர்கள். ஏதாவது தவறினால் திரும்பி வர அதுதான் வழி. சர்வர் கொடுத்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கன்சோல் என்று ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்றும் இன்றே பார்த்து வையுங்கள். எஸ்எஸ்எச் போய்விட்டாலும் அதில் பாஸ்வேர்ட் கொடுத்து நுழையலாம். யூசருக்கு ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

எஸ்எஸ்எச்சின் வாசல் எண்ணான 22-ஆம் போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். உபுண்டு 24.04-இல் எஸ்எஸ்எச்சின் போர்ட்டை, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட் பிடித்து வைத்திருப்பதால், எண்ணை மாற்றினால் அதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்பது என் கருத்து.

ஃபயர்வால்: எது திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

எதையும் அடைப்பதற்கு முன்னால், எது திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சூடோ எஸ்எஸ், ஹைஃபன், டிஎல்என்பி (டெஸ்ட்டில் வரும் டி, போர்ட்டில் வரும் பி). ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி, ஒரு போர்ட், அதைப் பிடித்து வைத்திருக்கும் புரோகிராமின் பெயர். 127.0.0.1 என்றால் அந்த சர்வருக்குள் மட்டும்தான் பேச்சு. 0.0.0.0 என்றால் உலகத்தில் யார் வந்தாலும் பேசும். டேட்டாபேஸ் ஒன்று 0.0.0.0 என்று காட்டினால் உடனே எழுந்து அதைச் சரிசெய்யுங்கள். 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கட்டச் சொல்லி ஒரு குறிப்பு மட்டும் விட்டுச் செல்லப்பட்டது. பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே அங்கே இருக்கவில்லை.

ஃபயர்வாலுக்கு யூஎஃப்டபிள்யூ போதும். உபுண்டுவில் இருக்கும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். டெபியனில் நாமே நிறுவ வேண்டும். வரிசை முக்கியம் (ஒவ்வொரு கட்டளையும் சூடோ யூஎஃப்டபிள்யூ என்று தொடங்கும்): டிஃபால்ட் டினை இன்கமிங், பிறகு அலவ் ஓபன்எஸ்எஸ்எச், பிறகு வெப்சைட் இருந்தால் 80, 443, கடைசியில்தான் எனேபிள். எஸ்எஸ்எச்சை அனுமதிக்காமல் எனேபிள் கொடுத்தால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கன்டெய்னரின் போர்ட்டை வெளியே திறக்கும்போது டாக்கர், லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளை நேராக எழுதிவிடுகிறது. யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் அடைத்த போர்ட்டுக்கும் அந்த வழியாக ஆள் வரலாம். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆகவே கம்போஸ் கோப்பில் போர்ட் எழுதும்போது முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுங்கள். வெளியிலிருந்து வருபவர்கள் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் வழியாக மட்டும் வரட்டும். எல்லாம் முடிந்ததும் வீட்டுக் கணினியிலிருந்து, திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப் கொண்டு உங்கள் சர்வரை நீங்களே தட்டிப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் தெரிவதுதான் உண்மை நிலவரம்.

ஃபெயில்2பேன் பற்றிச் சுருக்கமாக: லாக்கைப் படித்து, திரும்பத் திரும்பத் தவறுகிற ஐபியைச் சிறிது நேரம் தடுத்து வைக்கும். இயல்பாக 10 நிமிடத்துக்குள் 5 தவறு என்றால் 10 நிமிடத் தடை. பாஸ்வேர்ட் வழியை ஏற்கெனவே மூடிவிட்டவர்களுக்கு இது கூடுதல் வசதி மட்டுமே. டெபியன் 12-இல் எஸ்எஸ்எச் லாக் ஜர்னலுக்குள் போவதால், இது தேடும் ஆத் லாக் கோப்பே இல்லாமல் கிளம்ப மறுக்கலாம். அப்போது அமைப்பில் பேக்எண்ட் என்பதை சிஸ்டம்டி என்று மாற்றுங்கள்.

அப்டேட்

2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே, லாகின் செய்யாமல் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க வழிவிடும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. டெபியனும் உபுண்டுவும் அன்றே திருத்தம் வெளியிட்டன. நீங்கள் அன்று ஊரில் கல்யாண வீட்டில் இருந்திருக்கலாம். அதற்காகத்தான் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ். உபுண்டு சர்வரில் வழக்கமாக இருக்கும். டெபியனில் இல்லாவிட்டால் நிறுவிக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கிப் போட்டுவிடும்.

இரண்டு விஷயங்களை அது செய்யாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறினால் ரீபூட் வேண்டும். இயல்பாக அது ரீபூட் செய்வதில்லை. உபுண்டுவில் வார் ரன் டைரக்டரியில் ரீபூட்-ரெக்வயர்ட் என்று ஒரு கோப்பு முளைத்திருந்தால் நேரம் பார்த்துச் செய்துவிடுங்கள். இரண்டாவது, டாக்கர், நோட்ஜேஎஸ் என்று வெளி ரெப்போக்களிலிருந்து நீங்கள் சேர்த்தவற்றை அது தொடாது. அவற்றை மாதம் ஒருமுறையாவது கையால் அப்கிரேட் செய்ய வேண்டும்.

உங்கள் அப்ளிகேஷன்

ஒவ்வொரு அப்ளிகேஷனும் தனக்கென்று உள்ள ஒரு யூசரின் கீழ் ஓடட்டும், ரூட்டாக ஓட வேண்டாம். பெர்மிஷன் எரர் வந்ததும் 777 கொடுப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அதற்குப் பொருள். உரிமையாளரைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் புள்ளி ஈஎன்வி கோப்பும் புள்ளி கிட் டைரக்டரியும் வெப் ரூட்டுக்குள் இருக்கவே கூடாது. உங்கள் வெப் லாக்கைப் பாருங்கள். அந்த இரண்டையும் கேட்டு வந்த கோரிக்கைகள் கட்டாயம் இருக்கும்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ், செர்ட்பாட் மூலம். சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், செர்ட்பாட் தானே புதுப்பித்துக்கொள்ளும். செர்ட்பாட் ரென்யூ, இரண்டு ஹைஃபன், டிரை-ரன் என்று கொடுத்து அது நடக்குமா என்று இன்றே பாருங்கள். எல்லாம் 443-இல்தானே ஓடுகிறது என்று 80-ஐ அடைத்துவிட்டு, புதுப்பிக்க முடியாமல் சிக்கியவர்கள் பலர்.

லாக் படிக்கும்போது ஒரு சின்ன விஷயம். பெரும்பாலான சர்வர்கள் யூடிசி நேரத்தில் இருக்கும். இந்தியா, இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு நடந்த தவறு லாக்கில் பிற்பகல் 2.30 என்று இருக்கும். அதைத் தெரியாமல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேக்கப்

தெரிந்த இடம் ஒன்றின் நூலகப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்த சர்வரை ஒருமுறை நான் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தது. இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக டேட்டாபேஸை எடுத்து, ஜிஜிப் கொண்டு சுருக்கி, தேதி போட்டு வைக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. தினமும் கோப்பு வந்திருந்தது, தேதிகள் ஒழுங்காக இருந்தன. எல்எஸ் ஹைஃபன் எல் அடித்தபோது அளவு என்ற இடத்தில் எல்லா வரியிலும் 20 என்று இருந்தது. 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப் செய்தால் கிடைக்கும் அளவு அது. என்றோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் அன்றிலிருந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. பைப்பின் கடைசியில் இருந்த ஜிஜிப் தன் வேலையைச் சரியாகவே முடித்ததால், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, டேட்டாபேஸ் பழுதாவதற்கு முன்னால் பார்த்துவிட்டோம்.

ஆகவே பேக்கப் ஸ்கிரிப்ட் பாஷில் இருந்தால் தலையில் செட், ஹைஃபன் ஓ, பைப்ஃபெயில் என்று எழுதுங்கள். அளவு திடீரென்று குறைந்தால் மெயில் வரும்படி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுக்காமல், அதற்கான டம்ப் கருவியால் எடுங்கள். அதே சர்வரில் கிடக்கும் பிரதியைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். வேறு நிறுவனத்தில், வேறு கணக்கில் ஒன்று இருக்க வேண்டும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் இதற்கு நன்றாக உதவும், குறியாக்கம் செய்தே அனுப்பும். சர்வரில் உள்ள சாவியால் பேக்கப்பை அழிக்கவும் முடியும் என்றால், உள்ளே நுழைந்தவனும் அழிப்பான். அதனால் எழுத மட்டும் உரிமை தரும் ஏற்பாடு கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மலிவான சர்வரை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது, எந்தக் கோப்பு விடுபட்டிருந்தது என்று குறித்து வையுங்கள்.

உள்ளே யாரோ வந்துவிட்டார்கள் என்று தோன்றினால்

சிபியூ காரணமில்லாமல் முழு வேகத்தில் ஓடுகிறது, கிரானில் நீங்கள் எழுதாத வரி இருக்கிறது, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் தெரியாத கீ ஒன்று இருக்கிறது. இப்படி எதையாவது பார்த்தால் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டுத் தொடர வேண்டாம். ரூட் அதிகாரம் பிடித்தவர் வேறு எங்கெல்லாம் என்னென்ன வைத்திருக்கிறார் என்று அந்த சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதன் பதில்களையே இனி நம்ப முடியாது. நிறுவனத்தின் கன்சோலில் போய் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். பிறகு ஆராய்வதற்காக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். புது சர்வரில் மேலே சொன்ன வரிசையில் முதலிலிருந்து தொடங்கி, நுழைவு நடந்ததற்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தரவை மட்டும் கொண்டுவாருங்கள். பழைய சர்வரில் இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ, மெயில் பாஸ்வேர்ட், வேறு சர்வருக்குப் போகும் எஸ்எஸ்எச் கீ என்று ஒன்று விடாமல் மாற்றுங்கள். அந்த சர்வரில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை அவர்கள் வேறு இடத்திலும் வைத்திருக்கக்கூடும்.